மஞ்சள் பொட்டு வைத்த உறை

ஞாயிறு, காலை 9.25.

உறை இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய ஐந்து பாஸ்கள்தான் இல்லை.

வைத்தீஸ்வரன் அதைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு உதறினார். உறையின் வாய் ஓரமாகக் கிழிந்திருந்தது. அலமாரியின் டிராயர் பாதி திறந்து கிடந்தது. வெளியே காரிடாரில் அவருடைய மகள் மிருதுளா, துண்டும் மாற்று உடையும் அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்பா, பத்து மணிக்கு கேட் திறந்துடுவாங்க" என்று மூன்றாவது தடவையாகக் குரல் கொடுத்தாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் வைத்தீஸ்வரன். "பாஸ் திருட்டுப் போயிடுச்சு."

கோவளத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய 'அலைக்கரை ஹாலிடே கிளப்'பில் 114ஆம் எண் அறை அது. வைத்தீஸ்வரனுக்குச் சொந்தமான அறை அல்ல. அவருடைய அலுவலக நண்பர் ஜெபகுமார் இந்த கிளப்பில் இருபத்தைந்து வருஷ மெம்பர். வருஷத்தில் ஒரு வாரம் அறை அவருடையது. இந்தக் கோடையில் அவருக்குத் துபாய் பயணம் குறுக்கே வந்துவிட்டதால், தன் வாரத்தை வைத்தீஸ்வரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வெறும் அறையோடு நிறுத்துகிற ஆளா வைத்தீஸ்வரன்? மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்தாயிற்று, பக்கத்திலிருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் பாஸும் சேர்த்தாயிற்று என்று சேலையூரில் தெருவுக்கே கேட்கும்படி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் சேர்த்தாச்சு" என்ற அந்த ஒற்றை வாக்கியத்தை அவருடைய தங்கை நாகலக்ஷ்மி மட்டும் நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

நாகலக்ஷ்மிக்கு நாற்பத்தாறு வயது. தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர். இருபத்திரண்டு வருஷமாகப் பிறத்தியாரின் பொய்யைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களை, டிக்கெட் இல்லாமல் முதல் வகுப்பில் ஏறினவரைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். அவர்களும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள்.

அவள் கதவோரம் நின்று அண்ணன் தேடுவதைக் கவனித்தாள். வைத்தீஸ்வரன் பெட்டியைத் திறந்தார், மூடினார். தலையணையைத் தூக்கினார், வைத்தார். டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மனைவி சுப்ரஜாவின் கைப்பையைக் கவிழ்த்தார். பாத்ரூம் அலமாரியைக்கூட விடவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு தடவை. கை முறையாக வேலை செய்தது. நாகலக்ஷ்மிக்கு ஏதோ நெருடியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

"காலையில ரூம் க்ளீன் பண்ண ஒருத்தி வந்தாளே" என்றாள் சுப்ரஜா. "நாம டிஃபன் சாப்பிடப் போறப்ப வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தா. அவளைக் கேளுங்க முதல்ல."

வைத்தீஸ்வரன் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். வழி தெரியாமல் நின்ற ஆளுக்கு யாரோ வழி சொன்னது போல அவர் முகம் தெளிந்தது.

"ஆமா. வேற யாரு? கதவைத் திறந்து விட்டா கை நீளத்தானே செய்யும்" என்றவர், தங்கையின் பக்கம் திரும்பினார். "நம்ம பல்லாவரம் வீட்டு கங்கையம்மாளை ஞாபகம் இருக்கா நாகு? அப்பாவோட வாட்ச்?"

நாகலக்ஷ்மிக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அலமாரியில் இருந்த அப்பாவின் கைக்கடிகாரம் காணாமல் போனது; பாத்திரம் தேய்க்க வந்த கங்கையம்மாளை அன்றே நிறுத்திவிட்டார்கள். "அலமாரிகிட்ட அவதான் நின்னா, நான் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னது நாகலக்ஷ்மிதான்.

9.50. வரவேற்புக் கூடம்.

அறை சுத்தம் செய்த புஷ்பலதாவின் பையைக் கூடத்துக் கண்ணாடி மேஜையில் கொட்டினார்கள். டிஃபன் முடித்துவிட்டு வந்துகொண்டிருந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் நின்று பார்த்தன. ஒரு சாப்பாட்டு டப்பா. அதன் மூடி திறந்துகொண்டு எறா தொக்கின் மசாலா மேஜையில் ஒழுகியது. சார்ஜர் வயர், சுருட்டி வைத்த பழம் புடவை, பாதி காலியான காய்ச்சல் மருந்து பாட்டில். பாஸ் இல்லை.

"இன்னா சார் இது, பொண்ணுங்க பைய நாலு பேரு முன்னால கொட்டினுகீறீங்க?" என்றாள் புஷ்பலதா. முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் குப்பத்துக்காரி. கணவன் படகுக்குப் போகிறவன். குரல் பெரிதாகத்தான் வந்தது; பேசிக்கொண்டே டப்பாவை மூடினாள்.

"வெளியே யார்கிட்டயாவது கைமாத்தியிருப்பா" என்றாள் சுப்ரஜா.

துப்புரவுக் கான்ட்ராக்டின் சூப்பர்வைசர் எத்திராஜ், புஷ்பலதாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மேனேஜர் வேதசிரோமணி புகார்ப் படிவத்தை நீட்ட, வைத்தீஸ்வரன் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணிக்குக் கான்ட்ராக்டர் வேன் வரும், அதில் படிவம் போய்விடும், புஷ்பலதாவும் போய்விடுவாள் என்று மேனேஜர் விளக்கினார். திருட்டுப் புகார் ஏறின ஆளை இந்தச் சாலையில் வேறு எந்த ரிசார்ட்டும் உள்ளே விடாது.

"இங்க விட்டா எனக்கு வேற இன்னா வேல கீது?" என்றாள் புஷ்பலதா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

"போலீஸ்ல சொல்ல வேண்டாமா?" என்றாள் சுப்ரஜா.

"எதுக்குப் போலீஸ்? பாவம், புள்ளைக்குட்டிக்காரி. விட்டுடுவோம்" என்றார் வைத்தீஸ்வரன்.

நாகலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள். மளிகைக் கடையில் சர்க்கரை ஐம்பது கிராம் குறைந்ததற்கு நுகர்வோர் கோர்ட் வரை போன மனிதர். அவருக்கா இன்றைக்கு இத்தனை இரக்கம்?

"சார்" என்றாள் மேனேஜரிடம். "பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு இல்ல? நான் கொஞ்சம் விசாரிக்கிறேன்."

"உனக்கெதுக்கு இந்த வேலை? லீவுல வந்திருக்கே" என்றார் வைத்தீஸ்வரன்.

"தொழில் தோஷம் அண்ணா" என்றாள்.

10.10. மேனேஜர் அறை.

"பாஸை நீங்க குடுக்கறதில்லையா சார்?"

"இல்ல மேடம். சாப்பாட்டு பிளான் எங்களுது. பார்க் வேற கம்பெனி. மெம்பர்தான் அதைச் சேர்க்கணும், அதுவும் தங்கற தேதிக்கு ஏழு நாள் முன்னாடி. பாஸ் அவர் வீட்டுக்கே போயிடும். அவர் யாருக்குக் குடுத்தார், எத்தனை குடுத்தார், எங்களுக்குத் தெரியாது."

"திரும்பப் பிரின்ட் எடுக்க முடியுமா?"

"அசல் இல்லாம உள்ளே விடமாட்டாங்க. கேட்லயும் டிக்கெட் கிடையாது. கோடை லீவு, ஞாயித்துக்கிழமை. போன வாரமே எல்லாம் வித்துத் தீர்ந்துடுச்சு."

"ஜெபகுமார் நம்பர் உங்ககிட்ட இருக்கும் இல்ல?"

மேனேஜர் கூப்பிட்டுப் பார்த்தார். போன் எடுக்கவில்லை. நாகலக்ஷ்மி சொல்லச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். பிறகு கம்ப்யூட்டரில் 114ஆம் அறைப் பூட்டின் பதிவைக் காட்டினார். காலை 8.36, விருந்தினர் சாவி. 8.42, பணியாளர் சாவி. 9.22, விருந்தினர் சாவி. வேறு யாரும் கதவைத் திறக்கவில்லை.

8.36க்குத் திறந்தது யாரென்று நாகலக்ஷ்மிக்குத் தெரியும். ஐந்து பேரும் சாப்பாட்டுக் கூடத்து வாசல் வரை போன பிறகு, "சாப்பாட்டு கார்டை மறந்துட்டேன்" என்று வைத்தீஸ்வரன் ஓட்டமாகத் திரும்பிப் போனார். கார்டு இல்லாமல் இட்லி கிடைக்காதாகையால் நான்கு பேரும் வாசலில் காத்து நின்றார்கள்.

10.25. பணியாளர் அறை.

"நீங்க உள்ளே போனப்ப என்ன பார்த்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இன்னாத்த பார்த்தேன்? பெட்ஷீட் உருவினேன். ஒரு பெட்டுக்குத்தான் புதுசு போட்டேன், வாக்கி-டாக்கில கூப்ட்டாங்கனு பாதில ஓடியாந்துட்டேன்."

"அலமாரி?"

"அந்த டிராயரு நான் போசொல்லவே தொறந்துதாங்கீது. உள்ள ஒரு கவரு. மஞ்சப் பொட்டு வச்ச கவரு. சாமி மேட்டரு, நம்ம எதுக்குக் கை வைக்கணும்னு சாத்தக்கூட இல்லமா."

"கவர் கிழிஞ்சிருந்துதா?"

புஷ்பலதா கண்ணை மூடி யோசித்தாள். "வாய் பொளந்துகினு இருந்துச்சு. ஆமாம். ஓரத்துல."

பொய் சொல்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு 'தெரியாது' என்பார்கள். தனக்கு வசதியானதா இல்லையா என்று கணக்குப் பார்க்காமல் பதில் சொல்கிறவர்களை நாகலக்ஷ்மி பிளாட்பாரத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"நான் எடுக்கலமா" என்றாள் புஷ்பலதா. "பார்க்குக்கு நான் போயி இன்னா பண்ணப் போறேன்? கடல்லயே பொறந்து வளந்தவ நானு."

10.45. நீச்சல் குளத்தோரம்.

அண்ணன் மகன் உமேஷ் குரோம்பேட்டையில் என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. சாப்பாட்டுக்கு நடுவில் பத்து நிமிஷம் காணாமல் போனவன்.

"எங்கேடா போனே?"

"கார்கிட்ட, அத்தை. ஃபிரெண்டுகூட போன் பேசினேன். ரூம் சாவி அப்பாகிட்டதான் இருந்துது, நான் எப்படி உள்ளே போவேன்?"

அது உண்மை. நாகலக்ஷ்மி அவனை விட்டுவிட்டாள். அவன் விடவில்லை.

"அந்தம்மா எடுத்திருக்க மாட்டாங்க அத்தை. ஆனா நான் சொன்னா அப்பா கேப்பாரா? பரீட்சைக்குப் பணம் கட்டற கடைசி தேதியை நான் ஒரு நாள் தவறவிட்டதுக்கு இன்னும் சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார். 'தேதி ஞாபகம் இல்லாதவன் மனுஷனே இல்ல'ன்னு. எங்க வீட்டுல அவர் ஒருத்தர்தான் எதையும் மறக்காதவர்."

11.00. அறை 114.

சுப்ரஜா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மிருதுளா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது.

"அண்ணி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் உங்க வீட்டுலதான் இருந்தேன். இருந்தாலும் நீங்க ஒரு தடவை சொல்லுங்க. உறை எப்படி சாமிகிட்ட வந்துது?"

"எப்படின்னா? அவர் உள்ரூம்ல உட்கார்ந்து அஞ்சு பாஸையும் எண்ணி உள்ளே போட்டு, கோந்து தடவி ஒட்டி எடுத்துக்கிட்டு வந்தார். தட்டுல வெச்சுட்டு, 'மஞ்சள் வை'ன்னார். எங்க வீட்டுல எந்தக் காயிதம் வந்தாலும் அப்படித்தானே? நாலு மூலையிலயும் வெச்சு நடுவுல ஒண்ணு பெரிசா வெச்சேன்."

"மஞ்சளைக் குழைச்சா?"

"தண்ணி கொஞ்சம் கூடிப் போச்சு. உறை ஊறிடுச்சு. அதுக்குக்கூட, 'ஒரு பொட்டு வைக்கத் தெரியலை'ன்னு கத்தினார், நீதான் பார்த்தியே."

"ஒட்டினதுக்கு அப்புறம் திறந்தீங்களா?"

"சாமிகிட்ட வெச்சதை யாராவது பிரிப்பாங்களா? பார்க் வாசல்லதான் பிரிக்கணும்னு அவரே சொன்னார்."

"பாஸை நீங்க கண்ணால பார்த்தீங்களா அண்ணி?"

சுப்ரஜாவுக்குக் கோபம் வந்தது. "பார்க்கறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் சேர்த்தாச்சுன்னு அவர்தான் சொன்னாரே!"

நாகலக்ஷ்மி டிராயரிலிருந்து உறையை எடுத்தாள். மெல்லிய வெள்ளைத் தாளில் செய்த சின்ன உறை. முன்பக்கத்தில் ஐந்து மஞ்சள் பொட்டுகள் காய்ந்து வெடித்திருந்தன. திருத்தின சீசன் டிக்கெட்டைப் பிடிப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கொண்டை ஊசியால் இரண்டு ஓரத்தையும் கீறி, உறையைப் புத்தகம் போல விரித்தாள்.

மஞ்சள் முன்தாளின் உள்பக்கம் இறங்கியிருந்தது. எதிரே, பின்தாளின் உள்பக்கத்திலும் ஐந்து மஞ்சள் கறைகள் இருந்தன. நாலு மூலையில் நாலு, நடுவில் பெரிதாக ஒன்று.

காலையில் நெருடியது என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது. பிடிபடாமலே போயிருக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

11.25. கடற்கரைப் பாதை.

வைத்தீஸ்வரன் சவுக்கு நிழலில் தனியாக நின்றிருந்தார்.

"அண்ணா, நீயே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடு."

"என்னத்தைச் சொல்றது?"

"உனக்குத் தெரியும். எனக்கும் தெரிஞ்சு போச்சு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. நீயே சொல்லிட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் கடலைப் பார்த்தார். "ஒரு ரூம் கூட்டறவளுக்காக அண்ணனை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறியா நாகு? அவங்களுக்கெல்லாம் இது இல்லைன்னா இன்னொரு வேலை. எனக்கு மானம் போனா திரும்ப வருமா?"

"அவளுக்கு?"

வைத்தீஸ்வரன் கிளப்பை நோக்கி நடந்தார். அப்பா இறந்த பிறகு நாகலக்ஷ்மியைப் பரீட்சை எழுதவைத்து, கையைப் பிடித்து ரயில்வே ஆபீசுக்குக் கூட்டிப்போன அண்ணன்தான் இவர். அந்த நன்றியை இன்றைக்குத் தின்றுவிட்டுத்தான் பேச வேண்டும்.

11.35. வரவேற்புக் கூடம்.

பையைக் கொட்டின அதே கண்ணாடி மேஜையில் நாகலக்ஷ்மி விரித்த உறையை வைத்தாள். மேனேஜர், எத்திராஜ், புஷ்பலதா, குடும்பத்தார் நால்வரும் சுற்றி நின்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வரிசை கட்டியவர்களும் காது கொடுத்தார்கள். சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் மஞ்சள் கரைசலும் வந்திருந்தது.

"இது ரெண்டும் ஆபீஸ் கவர். ஒண்ணுல அஞ்சு சாப்பாட்டு கார்டு போட்டு ஒட்டியிருக்கேன். இன்னொண்ணு காலி."

இரண்டின் மேலும் மஞ்சளைத் தடவினாள். ஐந்து நிமிஷம் ஊற விட்டாள். பிறகு இரண்டையும் கீறி விரித்தாள். கார்டு இருந்த உறையில் பின்தாள் சுத்தமாக இருந்தது. மஞ்சளை மேல் கார்டு வாங்கிக்கொண்டிருந்தது. காலி உறையில் பின்தாளின் உள்பக்கம் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"இப்ப நம்ம உறையைப் பாருங்க. பின்தாள்ல அஞ்சு கறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலையூர்ல அண்ணி மஞ்சள் வெச்சப்ப உறைக்குள்ள ஒண்ணுமே இல்ல. ஒட்டின உறை அது. சாமிகிட்ட வெச்சதால யாரும் பிரிக்கவும் இல்ல. அஞ்சு பாஸையும் எண்ணிப் போட்டேன்னு சொல்லி, கோந்து தடவி ஒட்டினது ஒருத்தர்தான்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த கடற்கரைப் படத்தைப் பார்த்தார்.

"காலையில 8.36க்கு, சாப்பாட்டு கார்டை எடுக்கறேன்னு திரும்பி வந்தவர் உறையைக் கிழிச்சுட்டு டிராயரைத் திறந்து விட்டார். ஆறு நிமிஷம் கழிச்சு இவங்க வந்தாங்க. அப்பவே டிராயர் திறந்திருந்துது, கவர் கிழிஞ்சிருந்துதுன்னு இவங்க என்கிட்ட சொன்னாங்க."

"நாகு, போதும்" என்றாள் சுப்ரஜா.

"இன்னும் ஒண்ணு அண்ணி. இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன். நிஜமாவே டிக்கெட்டைத் தொலைச்சவன் ஒரே பாக்கெட்டைப் பத்து தடவை தேடுவான். இங்கதானே வெச்சேன், இங்கதானே வெச்சேன்னு கை திரும்பத் திரும்ப அங்கேயே போகும். டிக்கெட்டே வாங்காதவன்தான் எல்லாப் பாக்கெட்டையும் ஒவ்வொரு தடவை தேடுவான், நம்ம பார்க்கறதுக்காக. அண்ணா பெட்டியைத் தேடினார், தலையணையைத் தேடினார், பாத்ரூமைத் தேடினார். வெச்ச டிராயர்ல மறுபடி ஒரு தடவைகூடக் கை விடல. பாஸ் திருடு போகல. பாஸே கிடையாது."

மேனேஜரின் போன் அப்போதுதான் முணுமுணுத்தது. அவர் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "மெம்பர் ஜெபகுமார். 'சாப்பாடு மட்டும்தான் சேர்த்தேன். பார்க்குக்குப் பேரும் வயசும் அனுப்பச் சொல்லி ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், கடைசி தேதி தாண்டிடுச்சு'ன்னு போட்டிருக்கார்."

யாரும் எதிர்பார்க்காதபடி முதலில் பேசியவன் உமேஷ்.

"தேதியை மறந்துட்டீங்களாப்பா?"

"ஆபீஸ்ல ஆடிட்... ஒரு வாரம் ஓடிப்போச்சு" என்றார் வைத்தீஸ்வரன். "ஒரு மாசமா எல்லாருக்கும் சொல்லிட்டேன். எப்படிடா போய்..."

"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள் மிருதுளா. "அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டாததால்தான் ஒருத்தியின் சோற்று டப்பா நடுக்கூடத்தில் கவிழ்ந்தது.

11.50.

"அட்டையைக் குடுத்துடு எத்திராஜ்" என்றார் மேனேஜர்.

எத்திராஜ் தலையைச் சொறிந்தார். "குடுத்துக்கலாம் சார். ஆனா கம்ப்ளெய்ன்ட் ஏறிடுச்சே. கையெழுத்துப் போட்டவரே வாபஸ்னு எழுதிக் குடுத்தாத்தான் எடுக்க முடியும். இல்லாட்டி வேன்ல போய்த்தான் ஆவணும்."

"நான் எழுதித் தரேன்" என்றாள் நாகலக்ஷ்மி.

"கம்ப்ளெய்ன்ட் சார் பேர்லதானேமா?"

மேனேஜர் படிவத்தையும் பேனாவையும் மேஜையில் வைத்தார். 'தவறான புகார், திரும்பப் பெறுகிறேன்' என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு.

"நான் எதையும் எழுத்துல குடுக்கமாட்டேன்" என்றார் வைத்தீஸ்வரன். "அப்புறம் அதைக் காட்டிக் கேஸ் போடுவாங்க." கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "சுப்ரஜா, பெட்டியைக் கட்டு. வீட்டு விஷயத்தைச் சந்தியில வெச்சுப் பேசறவங்களோட எனக்கு உறவே வேண்டாம்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. புஷ்பலதா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அழவில்லை. 'இதுதான் நடக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்' என்பது போல ஒரு முகம். அந்த முகத்தை நாகலக்ஷ்மி முன்பே பார்த்திருக்கிறாள். பல்லாவரம் வீட்டு வாசலில், ஒன்பது வயதில்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். அவர் நின்றார். "அப்பாவோட வாட்சை யார் எடுத்தது?"

கார் சாவி கை தவறி விழுந்தது. தரையில் அது போட்ட சத்தம் கூடத்துக்கே கேட்டது.

"என்ன வாட்ச்பா?" என்றான் உமேஷ்.

வைத்தீஸ்வரன் மகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தங்கையை மட்டும் பார்க்கவில்லை. இரண்டடி திரும்பி வந்து, குனிந்து, படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சாவியை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார். புஷ்பலதாவிடம் ஒரு வார்த்தை இல்லை. அவர் போட்ட அந்த ஒரு கையெழுத்தில் இரண்டு பதில் இருந்தது நாகலக்ஷ்மிக்கு மட்டும்தான் தெரியும்.

வேன் காலியாகப் போயிற்று. எத்திராஜ் அட்டையை நீட்ட, புஷ்பலதா வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

சுப்ரஜா போகிற போக்கில், "இப்ப திருப்தியா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மிருதுளாகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உமேஷ் மட்டும் ஒரு நிமிஷம் தயங்கி நின்றான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தான். உண்மையைச் சொன்னவளுக்குக் காரில் இடமில்லை என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது.

12.10. காரிடார்.

புஷ்பலதா துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு 114க்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னொரு கட்டிலுக்குப் புதுப் பெட்ஷீட் போடுவது பாக்கியிருந்தது.

"மன்னிச்சுடுங்கமா" என்றாள் நாகலக்ஷ்மி.

புஷ்பலதா வண்டியை நிறுத்தினாள். "உங்க அண்ணன் கேக்கல, அந்தம்மா கேக்கல. நீ எதுக்குமா கேக்குற? நீ இன்னா தப்பு பண்ண?"

அலமாரியருகே கங்கையம்மாள் நின்றதை நாகலக்ஷ்மி பார்த்தது உண்மைதான். தினமும்தான் நின்றாள், அந்த அறையைப் பெருக்குகிறவள் வேறெங்கே நிற்பாள்? அன்றைக்கு, "பார்த்தேன்னு சொல்லு நாகு" என்று காதோரம் சொன்னது யார் என்பதை மட்டும் முப்பத்தேழு வருஷம் அவள் மறந்திருந்தாள்.

கேளம்பாக்கம் போய்த் தாம்பரம் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தது. கைப்பையில் விரித்த உறை இருந்தது. புஷ்பலதாவின் மேல் எழுதின புகாரை வாபஸ் வாங்க ஒரு படிவம் இருந்தது, கையெழுத்துப் போட ஒரு கோடு இருந்தது. கங்கையம்மாள் எந்த ஊர், எந்தத் தெரு, அப்புறம் எந்த வீட்டில் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று நாகலக்ஷ்மிக்குத் தெரியாது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

"டிக்கெட், டிக்கெட்" என்று கண்டக்டர் வந்தார். நாகலக்ஷ்மி பையைத் துழாவினாள். சில்லறை வைத்த அதே அறையில் கையை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள், மறுபடியும் அதே அறையில்.